எர்ணாவூருக்கு டெலிவரி இல்லை

பூ வியாபாரத்துக்கு எதிரி வெயில் என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் ஃபோனில் பூ ஆர்டர் எடுத்துப் பார்க்கட்டும். வெயிலுக்காவது சாயங்காலம் ஆனால் அடங்கத் தெரியும்.

ராயபுரத்தில் ஒரு பூக்கடையில் காலை ஆறு முதல் ஒன்பதரை வரை நான் ஃபோன் எடுக்கிறேன். அதன்பிறகு பஸ் பிடித்து, கடற்கரைச் சாலையில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். கஸ்டமர் கேர், ரிசப்ஷன், மெடிக்கல் ஷாப் கவுன்ட்டர் என்று எங்காவது "சொல்லுங்க சார்" என்று நாளைத் தொடங்கும் தோழர்களே, தோழிகளே, இது உங்களுக்காக எழுதியது. மற்றவர்களும் படிக்கலாம். அடுத்த முறை பூ கேட்கும்போது கொஞ்சம் மரியாதையாகக் கேட்பீர்கள்.

சுவரில் ஒரு சிவப்புக் கோடு

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடமாக இங்கே கடை வைத்திருக்கிறார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் வடசென்னை வரைபடம் ஒன்று தொங்குகிறது. அதில் திருவொற்றியூர் முடிந்து எர்ணாவூர் தொடங்கும் இடத்தில் சிவப்பு மார்க்கரில் ஒரு கோடு. கோட்டுக்குத் தெற்கே இருப்பவர்களுக்குப் பூ வீடு தேடி வரும். வடக்கே இருப்பவர்கள் எதற்கு ஃபோன் செய்தாலும் "அங்க டெலிவரி இல்லைங்க" என்று நான் சொல்ல வேண்டும். கோட்டுக்கு வடக்கே, சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிய சுனாமி குவார்ட்டர்ஸ் இருக்கிறது. அதில் நாற்பத்தொன்றாவது பிளாக், மூன்றாவது மாடியில் நான் இருக்கிறேன். அதாவது என் அம்மாவின் பிறந்தநாளுக்கு நான் வேலை செய்யும் கடையிலிருந்தே நான் பூ அனுப்ப முடியாது.

இது அண்ணாச்சிக்குத் தெரியாது. வேலைக்குச் சேரும்போது ராயபுரத்தில் இருக்கும் அத்தை வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தேன். அதற்கு முன்னால் ஒரு துணிக்கடையில் வேலை கேட்டபோது உண்மையான விலாசத்தைச் சொன்னேன். கடைக்காரரின் முகம் மாறியது. "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

விலாசத்தை மறைத்தேனே தவிர வாயை மறைக்கவில்லை. கோட்டுக்கு என்ன நியாயம் என்று கேட்டேன். அண்ணாச்சி இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, துறைமுகத்துக்குள் போக ரோட்டை அடைத்து நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசை. இரண்டு, அங்கே போனால் வீட்டில் வாங்க ஆள் இருக்காது. ஆயுத பூஜைக்கு எர்ணாவூரையும் தாண்டி வள்ளூர் வரைக்கும் கம்பெனிகளுக்கு டெம்போவில் சாமந்தி போகிறதே, அது வானத்திலா போகிறது என்றேன். அது முந்தின நாளே போய்விடுமாம், கேட்டில் செக்யூரிட்டி வாங்கி வைப்பாராம். மூன்று நாள் விடாமல் வாதாடியதில் ஒரு மாதம் தவணை கொடுத்தார். எர்ணாவூர் ஆர்டர் எடுக்கலாம். ஒரே ஒரு ஆர்டர் திரும்பி வந்தாலும் கோடு கோடுதான், அதன்பிறகு அதைப் பற்றி நான் வாயைத் திறக்கக் கூடாது. "ஏம்மா, நீ படிச்ச புள்ள, பேசுத. ஆனா காலைல லாரி நின்னுட்டுன்னா அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு ஈ எறும்பு இந்தப் பக்கம் வர முடியாது, பாத்துக்க" என்றார்.

பெயர் எழுதாத படகு

தவணையின் முதல் வாரம் காசிமேட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். புதுப் படகு தண்ணீரில் இறங்குகிறது, முன்பக்கம் போட மாலை வேண்டும். எவ்வளவு நீளம் என்று கேட்டால் "போட்டு எவ்ளோ அகலமோ அவ்ளோ" என்றார். படகு எவ்வளவு அகலம் என்றால் "வந்து பாத்துக்கோ" என்றார். படகின் பெயர் என்ன, எப்படிக் கண்டுபிடிப்பது? "பேரு இன்னும் எழுதல. பச்ச கலரு." காசிமேட்டில் பச்சையில்லாத படகை எண்ணுவது சுலபம்.

எங்கள் டெலிவரி முழுவதும் பிலோ அக்கா கையில். பிலோமினா. ராயபுரத்து ஆள், ஐம்பது வயது, ஸ்கூட்டியின் பின்னால் ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கட்டி, ஈரச் சாக்குப் போட்டுப் பூவை வைத்துக்கொண்டு பறப்பார். ஒன்பதரைக்கு என்னையும் அத்தை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார், நான் அங்கிருந்து பஸ் பிடிப்பேன். அவர் போய்ச் சேருவதற்குள் நல்ல நேரம் முடிகிறது என்று படகைத் தள்ளிவிட்டார்கள். அக்கா பக்கத்துப் படகில் ஏறி, அங்கிருந்து இன்னொன்றில் தாவி, மாலையை வீசிக் கொடுத்துவிட்டு வந்தார். அண்ணாச்சிக்கு ஏகப்பட்ட சந்தோஷம், காப்பி வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு மட்டும் ஆறவில்லை. பெயரும் இல்லாமல், ஓரிடத்தில் நிற்கவும் செய்யாமல் மிதந்துகொண்டிருக்கும் ஒரு விலாசத்துக்குப் பூ போகும். பிளாக் எண், மாடி எண், கதவு எண் எல்லாம் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கும் வீட்டுக்குப் போகாதா? இதை நான் சத்தமாகவே கேட்டேன். பிலோ அக்கா காப்பியை ஊதிக்கொண்டே, "இன்னா நித்தியா நீ, அண்ணாச்சியாண்ட கேக்கற. போட்டுக்காரன் காசிமேட்டுக்காரன், குடுக்கலன்னா கடைக்கு வந்து கேப்பான். குவார்ட்டர்ஸ்காரன் வந்து கேக்க மாட்டான், அவ்ளோதான்" என்றார்.

மன்னிப்பு அட்டை

இரண்டாம் வாரம், ராயபுரத்திலிருந்து ஒரு கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாராம். மனைவிக்கு ரோஜா பொக்கே, கூடவே ஒரு அட்டை. அட்டையில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். "சாரி மாதிரி எதுனா எழுதும்மா." எதற்கு சாரி என்று தெரிந்தால்தானே எழுத முடியும்? "அது எனக்கே சரியாத் தெரில. மூணு நாளா பேசல, எதுவோ பண்ணிட்டேன் போல." சொந்த வீட்டில் என்ன நடந்தது என்றுகூடத் தெரியாத மனிதருக்கு நான் மன்னிப்பு எழுத வேண்டும். எழுதினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்தப் பெண்மணி இருபது வருடமாக எதையெல்லாம் கேட்க ஆசைப்பட்டிருப்பார் என்று யோசித்து, அட்டையின் இரண்டு பக்கமும் எழுதினேன்.

ஒரு மணி நேரத்தில் பொக்கே திரும்பி வந்தது. பிலோ அக்கா அதை மேஜைமேல் வைத்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ஒன்றுமே நடக்காத மாதிரி ரோஜாவைப் பிரித்துத் தண்ணீரில் போட்டார். "திரும்பி வந்துடுச்சே அண்ணாச்சி, ராயபுரத்தையும் கோட்டுக்கு வெளியே போட்டுடலாமா?" என்று கேட்டேன். புருஷன் பெண்டாட்டி விஷயம், அதற்கு ஊர் என்ன செய்யும் என்றார். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள். கோட்டுக்கு உள்ளேயிருந்து பூ திரும்பினால் அது ஒரு வீட்டின் கோபம். கோட்டுக்கு வெளியேயிருந்து திரும்பினால் அது ஒரு ஊரின் குணம். அட்டை எங்கே என்று அக்காவிடம் கேட்டேன். அந்தம்மா சொன்னதை அப்படியே சொன்னார்: "பூ அவரு அனுப்பினது, எடுத்துகினு போ. அட்டைய எழுதினது யாரோ பொம்பள, அது என்னாண்டயே இருக்கட்டும்."

பஸ் ஸ்டாப்பில் நில்லுங்க

அந்த மாதத்தில் எர்ணாவூர் ஆர்டர்கள் வராமல் இல்லை. வந்ததெல்லாம் ஒரே விலாசத்துக்கு வந்தன. பஸ் ஸ்டாப். ஐந்து முழம் மல்லியா, பஸ் ஸ்டாப். நிச்சயதார்த்த மாலையா, பஸ் ஸ்டாப். "வந்துட்டு ஃபோன் பண்ணுங்க, நாங்க வந்து வாங்கிக்கறோம்." வந்தும் வாங்கினார்கள், ஒருவர்கூடத் தவறவில்லை. ஆனாலும் எனக்கு எரிந்தது. வீடு இருக்கும்போது மாப்பிள்ளை மாலையை ஏன் ரோட்டில் நின்று வாங்க வேண்டும்?

மகள் பிறந்தநாளுக்குப் பூ கேட்ட ஒரு அம்மாவிடம் ஒருநாள் பொறுமை இழந்துவிட்டேன். வீட்டு வாசலுக்கே கொண்டுவருவோம், அது உங்கள் உரிமை, நீங்களே விலாசத்தை மறைத்தால் மற்றவர்கள் எப்படி மதிப்பார்கள் என்று ஒரு பட்டிமன்றமே நடத்தினேன். எதிர்முனையில் குழாயடிச் சத்தம் கேட்டது, எங்கள் பிளாக் குழாயாகக்கூட இருக்கலாம். பிறகு அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "கடைல குந்திகினு சொல்லுவம்மா நீ. எங்க வூட்ட சொன்னா மூஞ்சி மாறும் பாரு, அத நீ பாத்துகிறியா? ராயபுரத்து பொண்ணுக்கு இன்னா தெரியும்?"

நாகம்மாவுக்கு அறுபது

தவணையின் கடைசி நாள். முந்தின நாளே வாட்ஸ்அப்பில் ஒரு ஆர்டர் வந்திருந்தது, கப்பலில் வேலை பார்க்கும் ஒரு மகனிடமிருந்து. அம்மா நாகம்மாவுக்கு நாளைக்கு அறுபது வயது, சிவப்பு ரோஜா அறுபது வைத்துப் பொக்கே, இன்னும் கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விடும், பத்து நாளைக்குப் பேச முடியாது. விலாசம் கொடுத்திருந்தான். பஸ் ஸ்டாப் இல்லை. சுனாமி குவார்ட்டர்ஸ், முப்பத்தெட்டாவது பிளாக், இரண்டாவது மாடி, கதவு எண் உட்பட. அந்த மாதத்திலேயே வீட்டு விலாசம் கொடுத்த முதல் ஆள், அதுவும் நடுக்கடலிலிருந்து. அதை நான் அண்ணாச்சிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

ஒன்பது மணிக்கு பிலோ அக்கா ஃபோன் செய்தார். என் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணாச்சி பக்கத்தில் நின்று சம்பங்கியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நித்தியா, வூடு பூட்டிகீது. அந்தம்மா விடியறதுக்குள்ள மீன் எடுக்க காசிமேட்டுக்குப் பூட்டாங்களாம். ஃபோனு எடுக்கல."

"பக்கத்து வீட்ல குடுக்கலாமே அக்கா?"

"கேட்டேன். 'பொண்ணுங்க கீற வூடு, யாரு இன்னானு தெரியாம பொக்கேலாம் வாங்கி வெக்க மாட்டேன்'றாங்க. நாலு கதவு தட்டிட்டேன், நாலு பேரும் அதான். பூவு சாவுது. எடுத்துகினு வந்துடவா?"

அதுவும் நியாயம்தான். எங்கள் பிளாக்கில் மல்லி முழத்தைக் கதவில் மாட்டிவிட்டுப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். கண்ணாடிக் காகிதம் சுற்றிய ரோஜா வந்தால், எந்தப் பெண்ணுக்கு எவன் அனுப்பினான் என்று ஆறு மாதம் பேசுவார்கள். நானே அப்படி ஒன்றை வாங்கி வைக்க மாட்டேன்.

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. சம்பங்கியைக் கீழே வைத்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஜெயித்த களைகூட இல்லை, அதுதான் கொடுமை. ஒரு மாதம் நான் பேசிய அத்தனை பேச்சும் ஒரு பூட்டிய கதவில் முடியப் போகிறது. அறுபது ரோஜா திரும்பி வரும், அந்த அம்மா கூடையோடு வந்து ஒன்றும் தெரியாமல் சோறு வடிப்பார், இனி எர்ணாவூரிலிருந்து யார் கூப்பிட்டாலும் "அங்க டெலிவரி இல்லைங்க" என்று என் வாயாலேயே நான் சொல்வேன்.

"அக்கா, நாப்பத்தொண்ணாவது பிளாக்குக்குப் போங்க. மூணாவது மாடி, கடைசி வீடு. அங்க குடுங்க, வாங்கி வெப்பாங்க."

"யாரு வாங்குவா? பேரு இன்னா?"

"லட்சுமி. எங்க அம்மா."

"உங்கம்மாவா? அடிப்பாவி," என்றார் பிலோ அக்கா, "தெனம் உன்ன அத்த வூட்டாண்ட எறக்கி வுட்டுக்கினு கீறேன் நான்."

அன்று வகுப்புக்குப் போகவில்லை. அண்ணாச்சி சம்பங்கியை எடுத்துக் கட்ட உட்கார்ந்தார். மூன்று மாலை கட்டி முடிந்தது, இரண்டு ஆர்டர் வந்து போனது. பதினோரு மணி வாக்கில் அம்மா கூப்பிட்டார். பொக்கேயைக் குடத்துத் தண்ணீரில் நிற்க வைத்துவிட்டு, பஸ் ஸ்டாப்பிலேயே போய் நின்று, நாகம்மா இறங்கியதும் கையோடு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறார். மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டுக் கை கழுவாமல் பூவைத் தொட மாட்டேன் என்று நின்றாராம் அந்த அம்மா. பிறகு அறுபதையும் எண்ணிப் பார்த்தாராம். ஒன்றுகூடக் குறையவில்லை.

நான் ஃபோனை வைத்துவிட்டு, வேலை போகப் போகிறதா, கோடு போகப் போகிறதா என்று அண்ணாச்சியைப் பார்த்தேன். துணிக்கடைக்காரரின் முகம் மாறியது போல இந்த முகமும் மாறும் என்று காத்திருந்தேன். பதில் எல்லாம் தயாராக இருந்தது, அரசியல் சட்டம் உட்பட. அவர் வரைபடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எதையோ கூட்டிக் கழித்துச் சரியாக வராத மாதிரி நெற்றியைத் தேய்த்தார். பிறகு கேட்டார்: "அப்போ தெனமும் காலைல ஆறு மணிக்கு நீ அந்த ரோட்டுலயாம்மா வந்துட்டிருந்த?"

ஒரு மாதம் வாதாடியும் அசையாத கோட்டை மறைத்து மறுநாள் காலை அண்ணாச்சியே ஒரு நாட்காட்டியை மாட்டினார் என்பதால், வேலைக்குச் சேரப்போகும் தோழர்களே, விலாசத்தை முதலில் கொடுத்துவிடுங்கள், விவாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், இதை நாம்தான் முதலில் சொல்ல வேண்டுமா என்று எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை என்றாலும்.