ஸ்வெட்டர் போட்ட கேம் பெட்டி

மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து கம்பளி நூல் வந்தது. இழுக்க இழுக்க வந்தது... சிவப்பு நூல்!

பதுளையில் வீடியோ கேம் பெட்டி ரிப்பேர் செய்பவர் இடுக்கியும் கையுமாக எங்களை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் என் மனைவி.

"சார், இதுக்குள்ள ஸ்வெட்டர் எப்படி சார் போச்சு?"

பெட்டி என் மைத்துனன் ரவியுடையது. அரபு நாட்டில் வெயிலில் காய்ந்து வாங்கியது. போன லீவு முடிந்து கிளம்பும்போது எங்கள் நமுனுகுல வீட்டில் வைத்துவிட்டு, "நீங்க வெளையாடுங்க மச்சான். ஆனா பத்திரம்" என்றான்.

எங்கள் ஊரில் பத்திரம் என்றால் ஒரே அர்த்தம்தான் — மூடி வைப்பது! பனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊர். டி.வி.க்குப் பூப்போட்ட துணி. ரேடியோவுக்கு ஃப்ரில் வைத்த உறை. தம்பியின் பெட்டி என்பதால் என் மனைவி ஸ்வெட்டரே பின்னிவிட்டாள். டிஸ்க் போடவும் வயர் போகவும் மட்டும் ஓட்டை. அதைக் கழற்றாமலே நான் தினமும் கிரிக்கெட் ஆடினேன்.

போன திங்கட்கிழமை நான் தொண்ணூறு அடித்திருந்தபோது படம் நின்றது. சிவப்பு விளக்கு மின்னியது. தொட்டால் கை சுட்டது. ஞாயிற்றுக்கிழமை ரவி வருகிறான்!

"தம்பி மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்?" என்று மனைவி சாப்பிடக்கூட இல்லை. மறுநாள் பதுளை பஸ்ஸில், பசறை மலைப்பாதை வளைவு முழுக்கப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

"காத்துப் போற வழியெல்லாம் அடைச்சிட்டீங்களே சார்! ஃபேன்ல நூல் சுத்திக்கிச்சு. சூட்டுல சிப்ப அடியில ஒட்டி வச்சிருந்த ஈயம் விட்டுப்போச்சு" என்றார் ரிப்பேர்காரர்.

பிறகு அவர் செய்ததுதான் பெரிய அதிர்ச்சி. அனல் காற்று ஊதும் கருவி ஒன்றை எடுத்து, அந்தச் சிப்பின் மேலேயே ஊத ஆரம்பித்தார்!

"ஐயோ! சூட்டுலதான கெட்டுப்போச்சுன்னீங்க?" மனைவி அலறினாள்.

"சூட்டுல விட்டது சூட்டுலதாங்க ஒட்டும், அக்கா."

என் மணிக்கட்டில் மனைவியின் நகக்குறி இன்னும் இருக்கிறது. ஆறவிட்டு, மாட்டி, பட்டனை அழுத்தினார். பச்சை விளக்கு! மனைவி அழுதேவிட்டாள். நானும்தான். கேட்டவர்களிடம் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்றேன்.

"எத்தன நாளைக்கு ஓடும்னு சொல்ல ஏலாது. இனிமே ஒரு கைக்குட்டகூட மேல போடாதீங்க."

நாம் அப்படித்தானே? பாசம் வந்தால் போர்த்திவிடுகிறோம். உள்ளே இருப்பது மூச்சு விடுகிறதா என்று யார் பார்க்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமை ரவி வந்தான். நடந்ததைச் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. மேசைமேல் பெட்டி வெறும் மேனியோடு ஓடிக்கொண்டிருந்தது. பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"என்னக்கா இது... இந்தப் பனியில இப்படியா தொறந்து போட்டு வப்பீங்க?"

பெரிய பையைத் திறந்தான். அக்காவுக்கென்று கொண்டுவந்த தடித்த கம்பளிப் போர்வையை உதறி, பெட்டியின் மேல் அப்படியே போர்த்தினான்.

நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட சத்தத்தில், பக்கத்து லயத்து வீட்டுக்காரர்கள் எல்லோருமே ஓடி வந்துவிட்டார்கள்!