மூத்த மாப்பிள்ளை சொல்லாத சொல்

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் கௌரவ விரிவுரையாளன். கௌரவம் பெயரில் மட்டும்தான், சம்பளத்தில் கிடையாது. மாதம் இரண்டு தடவை காஞ்சிபுரத்து உள்ளூர் கேபிள் சேனலில் உட்கார்ந்து, வட்டி ஏன் குறைந்தது, ரூபாய் ஏன் சரிந்தது, தங்கம் ஏன் ஏறியது என்று விளக்குவேன். ஏறிய பிறகு காரணம் சொல்ல எனக்கு நன்றாக வரும். முன்கூட்டிச் சொல்வதுதான் வராது. இது எனக்குத் தெரியும், என் மனைவி வீட்டாருக்குத் தெரியாது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நிலமோ மாடோ நகையோ, பெரிதாக எதை வாங்குவதானாலும் மூத்த மாப்பிள்ளை தன் வாயால் "வாங்குங்க" என்று சொல்ல வேண்டும். மாமனார் போன பிறகும் அது மாறவில்லை. மூத்த மாப்பிள்ளை நான். பைக் வாங்கும்போதுகூட என்னைத்தான் கேட்டார்கள். எனக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

ஆடி முடிந்த வாரம் மனைவியின் தங்கை ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தாள். அவள் கணவர், என் சகலை, கூலிக்குப் பட்டு நெய்கிறவர். அவர்களுடைய மூத்த மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஐந்து பவுன் போடுவதாக மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒப்புக்கொண்டிருந்தார்கள். சீட்டு எடுத்த பணத்தை மஞ்சள் பையில் வைத்து மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள். அன்றைய விலைக்கு அது ஐந்து பவுனுக்குச் சரியாக வரும்.

"மாமா, இப்பவே வாங்கிடலாமா? தெனம் ஏறிக்கினே இருக்குது. பயமா இருக்குது மாமா."

"வாங்கும்மா" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த விலை நிற்காது என்று முந்தின நாள்தான் சேனலில் அடித்துப் பேசியிருந்தேன். பேசின வாய் சும்மா இருக்குமா? செல்போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினேன்.

"இவ்ளோ ஏறினா கொஞ்சம் எறங்கித்தான் ஆகணும். பொறும்மா. நான் சொல்றேன், அப்ப வாங்கிக்கலாம்."

அவள் வரைபடத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். காபியைக் குடித்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பினாள்.

தங்கம் இறங்கவில்லை. ஏதோ நாட்டில் சண்டை, ஏதோ நாட்டில் வரி, எங்கள் ஊர் நகைக்கடைப் பலகையில் எண் மாறிக்கொண்டே போனது. அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் வேறு தெரு வழியாகக் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தேன். அவளுக்குப் போன் செய்ய வெட்கமாக இருந்தது. கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் பேசலாம் என்று வாரம் வாரமாகத் தள்ளினேன். அவர்களே பயந்துபோய் எப்போதோ வாங்கியிருப்பார்கள் என்றும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கார்த்திகையில் ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சகலை தறியில் இருந்தார்.

"நகை எடுத்தாச்சா?" என்றேன்.

"நீங்க இன்னும் சொல்லலியே அண்ணா. அதான் வெய்ட் பண்ணிக்கினு இருக்கோம்."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "ஜரிக வெலயும் ஏறிப்போச்சு. கூலி மட்டும் அப்டியே நிக்குது. ஏண்ணா அப்டி?" என்று கேட்டார். சேனலில் சொல்ல என்னிடம் அதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. "நாளைக்கே வாங்கிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் போனார்கள். அதே பணம் நாலு பவுனுக்குக்கூட எட்டவில்லை. என் கையில் இருந்ததைத் திரட்டிக்கொண்டு போய் நீட்டினேன். ஒரு பவுனில் கால்வாசிக்குக்கூடக் காணாது. "பொண்ணு கையில மொய்யா வையுங்க மாமா" என்று அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்பட்டு என்ன, தங்கம் இறங்குமா?

தை மாதம் கல்யாணம் நடந்தது. மணப்பெண் கழுத்தில் ஐந்து பவுன் குறையாமல் இருந்தது. மீதிக்கு என்ன செய்தார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை.

காலைப் பந்தியில் மனைவியின் தங்கையே எனக்குப் பரிமாற வந்தாள். இலைக்குக் குனிந்தபோது அவள் கழுத்தைப் பார்த்தேன். சங்கிலி இல்லை. தாலி புது மஞ்சள் கயிற்றில் தொங்கியது. பக்கத்து இலையில் இருந்த உறவுக்காரப் பெண்மணியும் பார்த்துவிட்டார்.

"செயினு எங்கம்மா?"

"வேர்வைக்கு அரிக்குதுக்கா. கயட்டி வெச்சிருக்கேன்."

வெளியே தை மாதப் பனி இன்னும் விலகவில்லை. அந்த அம்மா பொங்கலில் சாம்பாரைப் பிசைய ஆரம்பித்தார்.

அவள் என் இலையில் இன்னொரு வடை வைத்தாள்.

"நல்லா சாப்டுங்க மாமா. சின்னவளுக்கும் ரெண்டு வருசத்துல பண்ணணும். எப்ப வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேம்மா" என்றேன்.