அடுப்புக்கு மேலே ஒரு ஹார்ட் டிஸ்க்

மூணாறு மலையில் எங்கள் பள்ளிவாசல் ஊர்ப் பக்கம் மழை பிடித்துவிட்டால் உப்பு தண்ணீராகும், தீப்பெட்டி நமுத்துப் போகும், மடித்து வைத்த சேலையில் பூஞ்சை ஏறும். அதனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஈரம் படக்கூடாத எதுவும் அடுப்புக்கு மேலே கட்டிய மூங்கில் பரணுக்குத்தான் போகும். மிளகாய், தீப்பெட்டி, ரேஷன் கார்டு, ஞானஸ்நானச் சான்றிதழ், எல்லாம் அங்கேதான். எங்கள் காகிதங்களின் புகை வாசத்தை மோந்து பார்த்தே தோட்டத்து ஆட்கள் என்று ஆபீசில் கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஞானஜோதி தன் மகளின் குரலையும் அங்கேதான் வைத்திருந்தாள்.

தன்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பாள் ஞானஜோதி. இதே லயத்தில் பிறந்தாள், இதே மலையில் கொளுந்து கிள்ளினாள். புருஷன் யாக்கோபு நிழல்மரத்தில் ஏறிக் கிளை கவாத்து வெட்டும்போது விழுந்து செத்தான். மகள் ஜோமோள் அப்போது கைக்குழந்தை. அட்டைக்கடியும் இடுப்புவலியுமாகப் பாடுபட்டு அந்தப் பிள்ளையை பெங்களூருக்கு நர்சிங் படிக்க அனுப்பினாள். லயத்தில் அன்று அவளைவிடக் கர்வமாக நடந்தவன் நான்தான். கபிரியேல் மாமா என்று என் மடியில் வளர்ந்த பிள்ளை அது.

ஞானஜோதிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும். அதனால் ஜோமோள் எழுதி அனுப்பமாட்டாள், போனில் பேசிப் பதிந்து அனுப்புவாள். லயத்தில் சிக்னல் கிடையாது. சாயங்காலம் கொளுந்தை எடை போட்டுவிட்டு சர்ச் மேட்டில் ஏறி நின்றால் அன்றைய பேச்செல்லாம் மொத்தமாக வந்து விழும். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிப் புலம்பல், வார்டில் பார்த்த கிழவரின் சேட்டை, கடைசியில் தவறாமல் ஒரு கேள்வி: "இடுப்புக்குத் தைலம் தேச்சியாம்மா?"

படிப்பு முடியும் முன்பே ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. நான் கடவுளைத் திட்டினேன். ஞானஜோதி திட்டவில்லை, போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அந்தப் போன், இடம் நிறைந்துவிட்டது, எதையாவது அழி என்று அடம்பிடித்தது. மூணாறு பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரிஜினிடம் போனோம். பேச்சையெல்லாம் நகம் அளவு மெமரி கார்டுக்கு மாற்றினான். போன் செத்தது. அடுத்த வருஷம் கார்டும் தகராறு செய்தது, சில பேச்சுகள் பாதியில் நின்றன. மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக் கொடுத்தான், அதோடு கார்டும் செத்தது. எனக்குக் கோபம் வந்தது. செத்த பிள்ளையை இப்படி வீடு வீடாகவா குடி மாற்றுவது?

"அதுக்கு நான் என்ன செய்ய அண்ணே? கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது வச்சிருக்கிற மெமரி, கரண்டு போனா எல்லாத்தையும் மறந்துரும். கார்டும் பென்டிரைவும் மறக்காது, ஆனா சும்மாவே கிடந்தா கொஞ்சம் கொஞ்சமா விட்டுரும். ஹார்ட் டிஸ்குக்குள்ள தட்டு சுத்தும், ஒரு ஊசி அதைத் தொடாம படிக்கும். பத்திரமா வச்சிக்கிடணும்," என்றான் ரிஜின். மறதிக்கு இத்தனை வகை வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னொரு காப்பி என் கம்ப்யூட்டர்ல போட்டு வைக்கட்டுமாக்கா?" என்று கேட்டான். ஞானஜோதி ஒத்துக்கொள்ளவில்லை.

"வேணாம் தம்பி. பொம்பளப் பிள்ள குரல். நாலு இடத்துல கிடக்கக் கூடாது. எங்கிட்டயே இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டிஸ்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போவாள். ரிஜின் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு, ஹெட்போனை அவள் தலையில் வைப்பான். கேட்டுக்கொண்டே இடுப்பைத் தடவிக்கொள்வாள். திரும்பி வந்ததும் டிஸ்க் பரணுக்குப் போகும். லயத்தில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. நாங்கள் வேறு எங்கே வைத்திருப்போம்?

போன மழையில் ரோடு இடிந்தது. மழைக்காலம் முழுக்க அவளால் பஜாருக்குப் போக முடியவில்லை. குளிரென்றால் அப்படி ஒரு குளிர், எந்த வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. ரோடு திறந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ரிஜின் டிஸ்கை மாட்டினான். டிக், டிக் என்று சத்தம் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

"என்ன தம்பி சொல்லுது?"

"ஊசி தேடுதுக்கா. அதுக்குக் கிடைக்கல."

இதிலிருந்து எடுக்கத் தெரிந்தவர்களிடம் கொச்சிக்கு அனுப்பிப் பார்ப்போம் என்றான். அவன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது மறுபடி போனோம். டிஸ்க் திரும்பி வந்திருந்தது. ரிஜின் அவளை நேராகப் பார்க்காமல், ஒன்றும் எடுக்க முடியவில்லை என்றான். ஞானஜோதி தலையாட்டினாள். முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே குழாயடிக்குப் போனாள்.

அவன் என் பக்கம் குனிந்தான். "அண்ணே, இதை எங்க வச்சிருந்தாங்க? உள்ளெல்லாம் புகையாம். சூட்டுல கெட்டு, தட்டு முழுக்கக் கீறல் விழுந்திருக்காம்."

பரணைப் பற்றிச் சொன்னேன். அவன் தலையில் கை வைத்தான்.

"அவகிட்ட இத மட்டும் சொல்லிராதய்யா," என்றேன்.

அவன் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவள் கேட்டாள்: "ஈரம் பட்டிருச்சா தம்பி?"

ரிஜின் என்னைப் பார்த்தான். "இல்லக்கா. அதுக்கு வயசாயிருச்சு."

ஜீப்பில் டிஸ்கை மறுபடி துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். லயத்துக்கு வந்ததும் நான் அவள் வாசலிலேயே நின்றேன். உள்ளே போய்த் துண்டைப் பிரித்து, டிஸ்கை முந்தானையால் துடைத்தாள்.

"இப்பத்தான முடியலங்கிறாங்க. நாளைக்கு ஒரு மிசினு வராமலா போகும்? அதுவரைக்கும் பத்திரமா இருக்கணும்லண்ணே?"

ஆமாம் என்றேன். அவளை அந்தப் பரணிடமிருந்து பிரிக்க என்னிடம் இருந்தது ஒரே ஒரு உண்மை. அதைச் சொன்னால் அவள் பிழைக்கமாட்டாள்.

எட்டி, டிஸ்கைப் பரணில் வைத்தாள். வெளியே தூறல் பிடித்திருந்தது. ஈரம் ஏறிவிடும் என்று அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளி, குனிந்து ஊதினாள்.