படுக்கையறையில் அடித்த திராட்சை மருந்து

கம்பத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. வீட்டில் என் ஆசைக்கு, படுக்கையறை ஜன்னலோரம் ஆறு தொட்டிகளில் ஆப்பிரிக்கன் வயலட் வளர்க்கிறேன். போன மாதம் அதில் மாவுப்பூச்சி வந்துவிட்டது. அதைக் கணவரிடம் சொன்னேன்.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க. கொடிக்கு அடிச்ச மருந்து மிச்சம் கெடக்குல்ல" என்றார்.

மறுநாள் நான் கடைக்குப் போயிருந்தபோது அதை அடித்து, ஜன்னலைச் சாத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளியிலிருந்து கூட்டி வந்த நான்கு வயது மகளை அங்கேயே தூங்க வைத்தேன். அவர் சட்டையில் எந்நேரமும் மருந்து வாடைதான். அதனால் அறையில் வீசிய வாடை எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் பிள்ளை வாந்தி எடுத்தாள். "கண்ணு எரியுதும்மா" என்று அழுதாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கிருந்து கணவருக்குப் போன் போட்ட பிறகுதான் அறையில் மருந்தடித்த விஷயமே தெரிந்தது. என்ன மருந்து என்று டாக்டர் போனில் கேட்டதற்கு, "ரெண்டு மூணு கலந்தது" என்கிறார் இவர். ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "தோட்டத்துல நாங்க அடிக்கலையா, எங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாரே ஒரு கேள்வி.

"தோட்டத்துக்கு நாலு செவுரும் கூரையுமா இருக்கு?" என்றேன்.

இப்போது பூச்சி தெரிந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைக்கிறேன். மருந்து டப்பாவும் மருந்தடித்த சட்டையும் தோட்டத்து மோட்டார் அறையோடு சரி. சட்டையை மாற்றாமல் வந்தால் அவருக்கும் வாசலோடு சரி.