விஜயதசமிக்கு வந்த மழை

நாங்கள் குடியிருக்கும் புரோசார்டிலிருந்து தெற்கே முக்கால் மணி நேரம் ஓடினால், நான் வேலை செய்யும் திராட்சைத் தோட்டம். அறுவடைக் காலத்தில் ஐந்து தமிழ்ப் பெண்களை என் வான் வண்டியில் ஏற்றிப் போவேன். நான் போகாவிட்டால் வான் இல்லை. வான் இல்லாவிட்டால் அவர்களும் இல்லை.

தோட்டத்துக்காரி தனியாள், அறுபது வயது. பிரெஞ்சு வழக்கப்படி மதாம் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய சிவப்பு வைனில் அந்தந்த வருடத்து வானம் அப்படியே இருக்கும். வெயில் கொளுத்திய வருடம் கறுத்துத் தடித்தது. குளிர் முந்திய வருடம் பல் கூசியது. வைகாசியில் உறைபனி விழுந்த வருடம் பாதிப் போத்தலும் தேறவில்லை.

எப்போது பிடுங்குவது என்று முடிவெடுக்கும் நாளில் மதாம் என்னிடம் பழத்தை நீட்டுவார். விதையைக் கடித்துப் பார்க்க வேண்டும். விதை பழுப்பாகி நொறுங்கினால் பழம் தயார். வைன் குடிக்காதவள் நான். ஆனால் ஏழு வருடமாக என் நாக்கு பழத்தைத் தவறாகக் கணித்ததில்லை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்.

மூன்று வருடங்களுக்கு முன், அவர் பிடுங்க நினைத்த புதன்கிழமையே விஜயதசமி. என் கடைக்குட்டிக்குக் கோயிலில் ஏடு தொடக்க வேண்டும்.

"அவவிட்டைச் சொல்லிப்போட்டு லீவு எடன்," என்றார் கணவர்.

"அறுவடை நேரத்தில ஆர் லீவு கேக்கிறது? வெக்கமாக் கிடக்கு."

வெட்கப்பட்டவள் பொய் சொல்ல வெட்கப்படவில்லை. திங்கட்கிழமை மதாம் நீட்டிய பழத்தைக் கடித்தேன். விதை நன்றாக நொறுங்கியது. "இன்னும் பச்சை. வெள்ளி வரை வெயில் காயட்டும்," என்றேன். வானிலை அறிக்கையும் வெயில் என்றுதான் சொன்னது. மதாம் தலையாட்டினார்.

புதன் காலையில் பிள்ளை அரிசியில் 'அ' எழுதினாள். எனக்குக் கண் நிறைந்தது. வியாழன் முழுக்க அறிக்கையில் இல்லாத மழை கொட்டியது. வெள்ளி சேற்றில் நின்று பிடுங்கினோம். பழங்கள் தண்ணீர் குடித்து ஊதி, சில வெடித்தும் கிடந்தன.

அடுத்த வசந்தத்தில் மதாம் பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பு வெளிறி, பீட்ரூட் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. கோயிலையும் பொய்யையும் என் உடைந்த பிரெஞ்சில் கொட்டித் தீர்த்தேன்.

அவர் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார்.

"அன்றைக்கு நானும் ஒன்றைக் கடித்தேன். பழுப்புத்தான். உனக்கு அந்த இரண்டு நாள் ஏதோ தேவை என்று விட்டுவிட்டேன். மழையை நீ கொண்டுவரவில்லை. ஆனால் இனி நாள் வேண்டுமென்றால் நாளைக் கேள். திராட்சைமேல் பழி போடாதே."

ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். வான் ஓட்டி வரும்போது வழி நெடுக அழுதேன்.

இந்த வருடம் ஆவணி பிறந்ததும் போய் விஜயதசமிக்கு லீவு கேட்டேன். மதாம் நாட்காட்டியில் வட்டம் போட்டார். பிறகு கொடியிலிருந்து ஒரு காயைப் பிய்த்து என் கையில் வைத்து, எப்படி என்று கேட்டார்.

கடித்தேன். புளித்தது. புளிக்கிறது என்றேன்.

இந்த முறை அவர் தனக்கென்று ஒன்றைப் பிய்த்துக் கடித்துப் பார்க்கவில்லை.