ஜெசிந்தா அழிக்காத வரிகள்

வெள்ளிக்கிழமை காலை ஜெசிந்தாவின் தம்பி வண்டூரிலிருந்து போன் செய்தான். "அக்கா போயிருச்சு சார். மெயின்லேண்ட் ஆஸ்பத்திரியிலேயே முடிஞ்சிருச்சு." அவளை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். என்னைவிட இருபது வயது இளையவள். அலுவலகத்தில் என்னோடு அதிகம் சண்டை போட்டவளும் அவள்தான்.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தத் தீவுகளுக்கு வந்த குடும்பங்களின் கப்பல் பட்டியல்களை இணையத்தில் பதிப்பிப்பது எங்கள் வேலை. ஓர் ஆளுக்கு ஒரு வரி என்று நான் அட்டவணை போட்டேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "காகிதத்துல இருக்கிற ஒவ்வொரு வரியும் அப்படியே ஏறணும் சார். யார் யாருன்னு நாம நினைக்கிறது தனி அட்டவணை." இது இரட்டை வேலை என்று சத்தம் போட்டு, அவளுடைய அட்டவணையை அழிக்கச் சொன்னேன். சரி என்றாள்.

ஒரு மதியம் கச்சால் தீவிலிருந்து செல்லம்மாள் என்ற அம்மா வந்தார். வீட்டுக் காகிதங்களையெல்லாம் சுனாமி கொண்டுபோய்விட்டது. அவருடைய அப்பா முனியாண்டி கப்பலில் வந்து இங்கே குடியேறியவர் என்பதற்குச் சான்று தரும் அலுவலகத்தில் ஐந்து மணிக்குள் நகல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மகளுக்குத் தீவுவாசிச் சான்று கிடைக்காது, நர்சிங் படிப்புக்குக் கிடைத்த இடமும் போய்விடும். என் அட்டவணையில் தேடினேன். முனியாண்டி, வந்த மாதமே மரணம் என்றிருந்தது.

"செத்துட்டாரா? அப்ப நான் யாரு புள்ள?" என்று அந்த அம்மா எழுந்துவிட்டார். மணி நாலைத் தாண்டியிருந்தது.

ஜெசிந்தா தன் கணினியில் ஒன்றைத் திறந்தாள். நான் அழிக்கச் சொன்ன அதே அட்டவணை! முனியாண்டி, வயது அறுபத்திரண்டு, மரணம். ஐந்து வரி தள்ளி, முனியாண்டி, வயது ஏழு. தாத்தாவும் பேரனும். பட்டியல் எழுதிய குமாஸ்தா ஒரே ஆளை இரண்டு முறை எழுதிவிட்டார் என்று நினைத்து இருவரையும் ஒருவராக்கியவன் நான்தான். தோட்டத்து வழக்கப்படி நானும் என் தாத்தாவின் பெயரைத்தான் சுமக்கிறேன். எனக்கே தோன்றவில்லை, வெட்கக்கேடு.

"ஜல்தி போங்கம்மா, ஆட்டோ பிடிங்க" என்று நகலை அவர் கையில் திணித்தாள். விண்ணப்பத்தில் முத்திரை விழுந்துவிட்டது என்று செல்லம்மாள் போன் செய்த பிறகுதான் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் பதிப்பில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது: முடிவு செய்தவர். முனியாண்டிக்கு நேரே, 'தவறாக ஒன்றாக்கியவர்' என்று என் பெயர். ஊரே பார்க்குமே, எடுத்துவிடு என்று கத்தினேன். "தப்பையும் அழிக்கக் கூடாது சார். நாளைக்கு வர்றவங்க எதை நம்புறதுன்னு தெரிய வேணாமா?" ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை.

அதை மாற்றும் கடவுச்சொல் இப்போது என்னிடம் மட்டுமே இருக்கிறது. நேற்று திறந்து பார்த்தேன். என் பெயர் அப்படியே இருந்தது. அழித்தால் சண்டைக்கு வர ஆளில்லை. ஜெசிந்தா, அது அங்கேயே இருக்கும். உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.