முபீனா அழித்த பக்கங்கள்

முபீனாவுக்கு எழுத வரும் என்பது அவளுக்கே தெரியாது. பழவேற்காட்டில் இறால் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, கும்மிடிப்பூண்டியில் குழாய்க் கம்பெனி சூப்பர்வைசராக இருந்த அஹ்சனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மகள் சைதாவுக்குக் காது கேட்கவில்லை என்பது குழந்தைக்கு ஒன்றரை வயதானபோதுதான் தெரிந்தது. சென்னையில் டாக்டர் காது மெஷினை மாட்டிவிட்டு, "இது சத்தத்தைக் கேக்க வைக்கும்மா. பேச வைக்கிறது நீங்கதான்" என்று சொல்லி அனுப்பினார்.

அதற்கப்புறம் அவள் வாய் ஓயவில்லை. மாவு பிசையும்போது மகளை எதிரில் உட்காரவைத்து, "மாவு, பாரு, மாவு" என்பாள். எவர்சில்வர் டம்ளரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துத் தட்டி, சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தேடவைப்பாள். பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் சைதா குடத்தைக் காட்டி "தண்ணி" என்றாள். முபீனா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கும்மிடிப்பூண்டியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அவள் தம்பி தாஹாதான், "இதையெல்லாம் நெட்ல எழுதுக்கா" என்று 2006இல் ஒரு வலைப்பூவைத் தொடங்கி, வீட்டில் வைத்து எழுத சென்டரின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் கொடுத்தான். 'சைதா பேசுகிறாள்' என்று பெயர் வைத்தாள். அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதினாள். எந்தச் சொல் எப்படி வந்தது, எது வரவே இல்லை, எதைச் சொல்லவைக்கப் போய்க் குழந்தை கோபித்துக்கொண்டது எல்லாம் அதில் இருந்தது. எங்கெங்கோ இருந்த தாய்மார்கள் படித்துவிட்டுக் கேள்வி கேட்டார்கள். அவள் பதில் எழுதினாள்.

இரண்டு வருடம் கழித்து அப்படி ஒரு வாசகிதான், "உங்கள் பதிவுகள் வேறொரு தளத்திலும் இருக்கின்றனவே, தெரியுமா?" என்று எழுதினாள். போய்ப் பார்த்தால், ஜெயராஜ் என்பவர் நடத்தும் ஏதோ பேச்சுப் பயிற்சி மையம். வரிக்கு வரி அவள் எழுத்து. அவள் விட்ட எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. 'என் மகள்' என்று வந்த இடமெல்லாம் 'எங்கள் மாணவி' ஆகியிருந்தது. மேலே சைதாவின் போட்டோ.

அஹ்சனிடம் காட்டினாள். அவன் பார்த்துவிட்டு, "போட்டோவ மட்டும் எடுக்கச் சொல்லு. மத்தத உட்டுடு. நாலு பேரு படிச்சிட்டுப் போறாங்க" என்றான்.

"எப்படிங்க உடறது? அவ ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்."

ஜெயராஜுக்கு மெயில் அனுப்பினாள். பதில் இல்லை. தாஹா நம்பர் தேடிக் கொடுத்தான், போன் செய்தாள்.

"நல்ல விஷயம் நாலு இடத்துல இருந்தா நல்லதுதானே மேடம்? இன்னா, உங்க பேரு வேணுமா? கீழ போட்டுடறேன்" என்றார் அவர்.

"அது என் பொண்ணு படம் சார். உங்க மாணவி இல்ல அவ."

"பாக்கறேம்மா" என்று வைத்துவிட்டார். பெயரும் வரவில்லை, படமும் போகவில்லை.

தாஹா இங்கிலீஷில் புகார் எழுத, அந்தத் தளத்துக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனிக்கு அனுப்பினார்கள். எந்தப் பதிவு எப்போது எழுதியது என்று ஆதாரம் கேட்டார்கள், கொடுத்தார்கள். பக்கங்கள் மறைந்தன. முபீனா அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தாள். அடுத்த மாதமே எல்லாம் வேறொரு முகவரியில் முளைத்தன. அங்கிருந்து இன்னும் இரண்டு பேர் எடுத்துப் போட்டிருந்தார்கள். திரும்பவும் தேடல், திரும்பவும் புகார்.

அந்த வருடம் அவள் சைதாவைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. சைதாவிடம் பேசியதும் குறைவுதான். முகத்தைப் பார்த்தால்தான் குழந்தைக்குப் பேச்சு புரியும். முபீனாவின் முகமோ எப்போதும் கம்ப்யூட்டர் பக்கம் இருந்தது. ஒருநாள் சைதா அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "இரு, அம்மா வேலையா இருக்கேன்ல" என்று முபீனா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

கடைசியில் ஒரு மத்தியானம், இருந்தால்தானே எடுப்பான் என்று தோன்றியது. வலைப்பூவை மொத்தமாக அழித்துவிட்டாள். நிச்சயமாகத்தானா என்று கம்ப்யூட்டர் கேட்டது, ஆமாம் என்று அழுத்தினாள். தனியாக எதையும் சேமித்து வைக்கவில்லை. ஏற்கெனவே கொடுத்திருந்த புகார்களால், மிச்சமிருந்த திருட்டுப் பக்கங்களும் சில வாரங்களில் ஒவ்வொன்றாக மறைந்தன. தாஹா, "ஜெயிச்சிட்டக்கா" என்றான். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அடுத்த வருடம் திருவள்ளூரில் ஊனமுற்றோர் சான்றிதழ் முகாம். வரிசையில் அவளுக்கு முன்னால் ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் பயிரிடும் குடும்பத்துப் பெண் நர்மதா, காது மெஷின் மாட்டிய மூன்று வயது மகனோடு நின்றாள். பையன் சிணுங்கவே, பையிலிருந்து டம்ளரை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துத் தட்டினாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டுத் தேடினான்.

"இத யாரும்மா சொல்லிக் கொடுத்தா?" என்றாள் முபீனா.

"நெட்ல இருந்ததுக்கா. ஜெயராஜ்னு ஒரு சாரு எழுதினது. எங்க அண்ணன் வாராவாரம் போய்ப் படிச்சிக்கினு வந்து சொல்லும். நானும் அதே மாரி செய்வேன். இவனும் ரெண்டு மூணு வார்த்த பேச ஆரம்பிச்சான். திடீர்னு ஒருநாளு ஒண்ணுமே இல்லன்னு அண்ணன் வந்து நிக்குது. அத்தோட நின்னுபோச்சு."

"அது நான் எழுதினதும்மா. இவள வச்சி எழுதினது" என்று முபீனா சைதாவைக் காட்டினாள்.

நர்மதா சந்தேகப்படவில்லை. அவள் முகம் மலர்ந்தது. "நெசமாவாக்கா? அப்போ மிச்சத்த நீங்களே சொல்லுங்க. 'க' வரவழைக்கிறது எப்படின்னு அடுத்து வர்றதா இருந்துச்சு."

முபீனா யோசித்தாள். 'க' எப்படி வந்தது? ஏதோ ஒரு மழை நாள், சைதா வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. அதற்கு முன்னால் என்ன செய்தாள், எத்தனை நாள் தோற்றாள் என்பதெல்லாம் நினைவில் இல்லை. எழுதிவைத்தோம் என்ற தைரியத்தில் மறந்திருந்தாள். தெரிந்ததைச் சொன்னாள். முறை வந்ததும் நர்மதா போன் நம்பரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பும்போது ரயிலில் சைதா ஜன்னல் வழியே பார்த்ததையெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். முபீனா அவளைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

முகாம் எப்படி என்று வீட்டில் அஹ்சன் கேட்டபோது, நர்மதாவைப் பற்றிச் சொல்லிவிட்டு, "போட்டோவ எடுக்க வச்சது சரிதாங்க. மத்தத நீங்க சொன்ன மாரி உட்டிருக்கலாம். என்னுதயாவது அழிக்காம இருந்திருக்கலாம்" என்றாள். அழிந்த பதிவுகளைத் தாஹா தெரிந்த இடமெல்லாம் தேடிப் பார்த்தான், எங்கும் கிடைக்கவில்லை.

புதிதாக ஒரு வலைப்பூ தொடங்கி ஏழெட்டுப் பதிவு எழுதினாள். பழைய உயிர் அதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. அதற்குப் பதில் நர்மதாவிடம் போனில் பேசுவாள். "இன்னிக்கு இன்னாக்கா செய்யட்டும்?" என்று அவள் கேட்பாள். சில நாள் முபீனாவால் பதில் சொல்ல முடியும். சில நாள், "யோசிச்சி சொல்றேம்மா" என்று வைத்துவிடுவாள்.